ரெய்யோவின் மச்சினி

கொய்வுரந்தா பனியரங்கின் மேல்வரிசையில், தூணுக்கு இடப்பக்கம், நான்கு பேர் உட்காரக்கூடிய மர பெஞ்சு ஒன்று இருக்கிறது. அதில் உட்கார்பவர்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதும் இல்லை. ஆனாலும் ஊர் அணியின் பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்களில் எவன் பெரிய ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரனாக வருவான், எவன் பேசாமல் படிக்கப் போகலாம் என்று தீர்ப்புச் சொல்வது அந்த பெஞ்சுதான். பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருகிறார்கள், ஒன்றுகூடப் பலித்ததில்லை. அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய முதல் பையன் இன்று அதே ஊரில் பல் டாக்டர். "இவனெல்லாம் தேறவே மாட்டான்" என்று அவர்கள் கைகழுவிய பையன் ஸ்வீடனில் சக்கைப்போடு போடுகிறான். இதனாலெல்லாம் பெஞ்சின் தன்னம்பிக்கை இம்மியும் குறையவில்லை.

நடுவில் உட்காருபவர் பென்ட்டி. முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்குத் தெரியாத ஊர் இல்லை, தெரியாத ஆள் இல்லை. தெரியாது என்கிற வார்த்தையும் அவருக்குத் தெரியாது. அவருக்கு வலப்பக்கம் சிர்க்கா, பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறவர். மடியில் நீல அட்டை நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். அதில் ஒவ்வொரு பையனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார். சூப்பில் உப்பு பார்ப்பதில் காட்டும் கண்டிப்பை அதிலும் காட்டுவார். ஓரத்தில் தோர்ஸ்தி, மர ஆலைக்காரர். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேசுவார். அதை முதல் பத்து நிமிடத்தில் செலவழித்துவிட்டால் மீதி ஆட்டம் முழுக்க வாய் மூடியது மூடியதுதான். அதனாலேயே அவர் சொல்லுக்கு அந்த பெஞ்சில் மதிப்பு அதிகம்.

நான்காவது இடம் இந்த வருடம்தான் நிரம்பியது. அங்கே உட்கார்பவர் ரெய்யோ. இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில் வீடு வீடாகப் புகைபோக்கி துடைப்பவர். சனிக்கிழமை ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு தூரம் வருகிறாய் என்று முதல் நாளே பென்ட்டி கேட்டபோது, ரெய்யோவின் வாயில் முதலில் வந்தது இதுதான்:

"என் மச்சினி இந்த ஊர்லதான் இருக்கா. என் பெண்டாட்டி அவளுக்குச் சாமான் குடுத்தனுப்புவா. நான் சாமானைக் குடுத்துட்டு இங்க ஓடி வந்துடுவேன்."

"ஏன், மச்சினி அவ்வளவு மோசமா?"

"பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா."

பெஞ்சுக்கே அவர்மேல் இரக்கம் சுரந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் மச்சினி எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்பார்கள். ரெய்யோவும் வாராவாரம் அவளுக்கு ஒரு வியாதி கொடுத்தார். பிப்ரவரிக்குள் அந்தப் பெண்மணிக்கு மூட்டுவலி, படபடப்பு, பித்தப்பைக் கல் எல்லாம் வந்துவிட்டன. சிர்க்கா ஒருமுறை அவளுக்காக ஒரு பாட்டில் புளுபெர்ரி ஜாம்கூடக் கொடுத்தனுப்பினார். நல்ல ஜாம். ரெய்யோ அதைக் காரிலேயே உட்கார்ந்து விரலால் வழித்துத் தின்று தீர்த்தார்.

ஏனென்றால் ரெய்யோவுக்கு மச்சினியே கிடையாது. அவருடைய மனைவி வீட்டுக்கு ஒரே பெண். ரெய்யோவுக்கு இருந்தது ஒரு மகன்: நீலோ, வயது பதினேழு, கொய்வுரந்தா அணியின் தடுப்பாட்டக்காரன், சட்டை எண் இருபத்தேழு.

இந்த ஒளிவுமறைவுக்குக் காரணம் போன வருடம் நடந்த ஒரு சம்பவம். சொந்த ஊர் அரங்கில் நீலோ ஆடிக்கொண்டிருந்தான். ரெய்யோ வேலையிலிருந்து நேராக, முகம் கழுவாமல், கரியோடு வந்திருந்தார். நடுவர் நீலோவை அநியாயமாக இரண்டு நிமிடம் வெளியே உட்காரவைத்துவிட்டார். ரெய்யோ கீழே ஓடிப்போய் ஆடுகளத்தைச் சுற்றியிருந்த கண்ணாடியில் முகத்தை அப்பிக்கொண்டு, நடுவரின் பரம்பரையையே இழுத்துக் கத்தினார். கத்தி முடித்து முகத்தை எடுத்தபோது கண்ணாடியில் அவர் முகம் அப்படியே கறுப்பாகப் பதிந்திருந்தது. மூக்கு, திறந்த வாய், புருவம் எல்லாம் அச்சு அசலாக இருந்தது. காவலாளி துடைத்தும் முழுசாகப் போகவில்லை. பையன்கள் பருவம் முடியும்வரை நீலோவை "கரிமூஞ்சி மவனே" என்றுதான் கூப்பிட்டார்கள்.

கொய்வுரந்தா அணி நீலோவைக் கூப்பிட்டு, விடுதியில் இடமும் கொடுத்தபோது, பையன் பெட்டி கட்டிக்கொண்டே சொன்னான்: "நீ வரலாம். வேணாம்னு சொல்லல. ஆனா நீ என் அப்பான்னு அங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கத்தக் கூடாது, கையாட்டக் கூடாது. ஒரே ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் நீ வர்றது அன்னியோட சரி."

"சத்தியமாடா," என்றார் ரெய்யோ.

வாக்கைக் காப்பாற்றுவது ஒன்றும் சுலபமாக இல்லை. முதல் வாரமே "அந்த இருபத்தேழு நல்லா ஆடுறானே" என்று கொஞ்சம் குழைந்துவிட்டார். உடனே பென்ட்டி சடாரென்று திரும்பி, "ஏன், உனக்குச் சொந்தமா?" என்று கேட்டார். ரெய்யோ அவசரமாக முகத்தைச் சுளித்துக்கொண்டார். "சொந்தமா? இவனா? அந்த இடது திருப்பத்தைப் பாத்தியா? முட்டி உள்ள மடங்குது. கழுதைகூட அதைவிட அழகாத் திரும்பும்" என்று சொல்லிவைத்தார். சொன்னது உண்மைதான்; அதுதான் அவரை அறுத்தது. ஆறு வயதில் நீலோ பழகியது பெரியப்பா மகனுடைய ஸ்கேட்டில், இரண்டு அளவு பெரிசு. பத்திரிகைத்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து "சும்மா ஓட்டுடா" என்றவர் ரெய்யோதான். அன்று தொடங்கியது இடதுபக்கம் திரும்பும்போது முட்டி உள்ளே போகிற பழக்கம்.

ஒருமுறை திட்டியாகிவிட்டது. பிறகு வாராவாரம் திட்டவேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் இருபத்தேழைப் பற்றிக் கேட்கவேண்டுமானால் ரெய்யோவைத்தான் கேட்கவேண்டும் என்றாகிவிட்டது. அவனுடைய குறைகளை ரெய்யோவைப்போலப் பிட்டுப்பிட்டு வைக்க யாராலும் முடியவில்லை. சிர்க்கா ரெய்யோ சொல்லச் சொல்ல மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஏழில் தொடங்கியவன் நாலரைக்கு வந்து நின்றான். சொந்த மகனுக்கு இப்படிக் குழி பறித்த தகப்பன் உலகத்தில் உண்டா என்று ரெய்யோ திரும்பிப் போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி உறைகுளிர். புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியோடு ஆட்டம். ரெய்யோ வந்து உட்கார்ந்ததும் பென்ட்டி நகர்ந்து இடம் கொடுத்தார்.

"மச்சினி எப்படி இருக்கா?"

"காது அடைச்சுப்போச்சு."

"வாய் அடைக்கலையா?"

"இல்ல."

"பாவம்யா நீ," என்றார் சிர்க்கா மனதார. பிறகு நோட்டைத் திறந்தார். "இன்னிக்கு முடிவு பண்ணிடணும். மார்ச்சுக்கு முன்னாடி பட்டியலை எழுதி காபிக் கடைப் பலகையில ஒட்டணும். முதல்ல இந்தத் தடுப்பாட்டக்காரனுங்க. இருபத்தேழு. என்ன சொல்றீங்க?"

"பின்பக்கம் பத்தாது," என்றார் பென்ட்டி. "தடுப்பாட்டக்காரனுக்கு முதல்ல வேண்டியது நல்ல குண்டி. அது இல்லாதவன் இடிச்சா விழுந்துடுவான்."

"பதினேழு வயசுதானே, வளரும்," என்றார் ரெய்யோ, தன்னை மறந்து.

"எங்கேருந்து வளரும்? அப்பனுக்கு இருந்தாத்தானே புள்ளைக்கு வரும்? பையனைப் பாத்தா எனக்கு அப்பனைத் தெரிஞ்சுடும். இவன் அப்பன் குள்ளமா, ஒடிசலா இருப்பான். பயந்தாங்கொள்ளி."

ரெய்யோ தன்னையறியாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "அதெப்படி பாக்காமலே சொல்லிட முடியும்?" என்றார்.

"முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். கண்ணாடியில பின்னால பாத்தே எவன் எவன் புள்ளைன்னு சொல்லுவேன். நீயே சொல்லு, அந்தப் பையன்கிட்ட உருப்படியா ஏதாவது இருக்கா?"

மூன்று பேரும் ரெய்யோவைப் பார்த்தார்கள். ரெய்யோ அந்தப் பக்கத்தில் எல்லோரும் சப்புகிற கருப்பு உப்புமிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அது கரையும்வரை யோசித்தார். "ஒண்ணும் இல்ல," என்றார் கடைசியில். சிர்க்கா நாலரையை அடித்துவிட்டு நாலு என்று எழுதினார்.

அந்த பெஞ்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு இருபது நிமிடப் பகுதியும் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போதே எழுந்து காபிக் கடைக்குப் போய்விடுவார்கள். மணி அடித்தபிறகு போனால் வரிசை கதவுவரை நிற்கும். ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்கைப் பார்க்காமலே பன்னிரண்டு வருடம் தீர்ப்புச் சொன்னவர்கள் இவர்கள். இது அவர்களில் ஒருவருக்கும் உறுத்தியதில்லை. அன்றைக்குக் காபி வாங்கவேண்டிய முறை ரெய்யோவுடையது. "ஒரு நிமிஷம், இந்தத் தடவை முடியட்டுமே" என்று அவர் இழுத்ததற்கு, "ஏலக்காய் பன் தீந்துடும்" என்று சொல்லி பென்ட்டி தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நான்கு காபியும் நான்கு பன்னும் வாங்கி, சூடு ஆறுவதற்குள் குடித்து, கழிவறைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, பனியை வழித்துவிடும் இயந்திரம் ஓடி ஆடுகளம் பளபளவென்று கிடந்தது. இரண்டாம் பகுதி தொடங்கியது. ரெய்யோ வழக்கம்போல முதலில் இருபத்தேழைத் தேடினார். காணவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்திலும் இல்லை. மறுபடி எண்ணிப் பார்த்தார். இல்லை.

"உன் ஆளை உட்காரவெச்சுட்டாங்க போலிருக்கே," என்றார் பென்ட்டி. "பயிற்சியாளருக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிருக்கு. நீ சொன்ன இடது திருப்பம்தான் காரணம்."

ரெய்யோ எழப்போய் மறுபடி உட்கார்ந்தார். அடிபட்டுவிட்டானா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களா? இறங்கிப் போய் விசாரிக்கலாம். "நீங்க யாரு?" என்று கேட்டால் என்ன சொல்வது? மச்சினியின் காது அடைத்துவிட்டது என்றா சொல்வது?

"ஏய், அந்த நாப்பத்தொண்ணு யாரு?" என்றார் சிர்க்கா.

தடுப்பு வரிசையில் நாற்பத்தொன்று என்று எழுதிய சட்டையில் ஒருவன் இருந்தான். முதுகில் பெயர் இல்லை. சிர்க்கா நுழைவாயிலில் கொடுத்த தாளை எடுத்து விரலை ஓட்டினார். "நாப்பது இருக்கு, நாப்பத்திமூணு இருக்கு. நாப்பத்தொண்ணு இல்லவே இல்ல."

பென்ட்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவனா? வந்துட்டானா? வடக்கே ரோவனியெமிப் பையன். ரெண்டு வருஷமா அவனைக் கவனிச்சுட்டு வர்றேன். அவனைக் கொண்டுவரப் போறாங்கன்னு எனக்கு ஜனவரியிலேயே தெரியும். வெளியில சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"பேரு?"

"பேரு... நாக்கு நுனியில இருக்கு."

நாற்பத்தொன்று பின்னால் சறுக்கிக்கொண்டே ரப்பர் வட்டை மட்டையில் வாங்கினான். எதிரணிக்காரன் ஒருவன் முட்டவந்தான். நாற்பத்தொன்று இடதுபக்கம் திரும்பினான். முட்டி லேசாக உள்ளே மடங்கியது. வந்தவன் அவன் வலதுபக்கம் போகிறான் என்று நினைத்து, இல்லாத ஆளை முட்டப்போய், களத்தின் ஓரப் பலகையில் மோதி உட்கார்ந்தான்.

ரெய்யோவின் கையிலிருந்த காலிக் காகிதக் கோப்பை நசுங்கியது. அந்த முட்டியை அவருக்குத் தெரியாதா? பத்திரிகைத்தாள் திணித்து அவரே மடக்கிவிட்ட முட்டி.

"பாத்தியா! பாத்தியா!" பென்ட்டி எழுந்தே விட்டார். "அந்தத் திருப்பத்தைப் பாத்தியா? முட்டியை உள்ள மடக்கி ஏமாத்துறான்யா! இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது. வடக்கத்திப் பசங்களுக்குப் பொறப்புலயே வரும்."

"இதே மாதிரிதானே இருபத்தேழும்..." என்று ரெய்யோ தொடங்கினார்.

"எது மாதிரி? ரெய்யோ, உனக்கு என்னாச்சு? அது முடம். இது கலை."

"எட்டு," என்று எழுதினார் சிர்க்கா. அடுத்த ஐந்து நிமிடத்தில் அதை எட்டரை ஆக்கினார். "பின்பக்கத்தையும் பாருங்க. இதுதான் தடுப்பாட்டக்காரனோட பின்பக்கம். இடிச்சாலும் அசையல."

"இவன் அப்பன் ஆறரை அடி இருப்பான்," என்றார் பென்ட்டி. "தோளு இப்படி இருக்கும். மரம் வெட்டுறவனா இருக்கணும். சிங்கம்யா."

ஐந்தடி நாலு அங்குலச் சிங்கம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக அவர் கேட்க ஏங்கிய வார்த்தைகள் எல்லாம் ஒரே மூச்சில் காதில் விழுந்தன. எல்லாம் தன் மகனைப் பற்றித்தான். ஆனால் எல்லாமே ஊர் பேர் தெரியாத ஒருவன் கணக்கில் போய்ச் சேர்ந்தன. "அது என் புள்ளைடா முட்டாள்களா" என்ற சொல் தொண்டைவரை வந்து, திரும்பி, மறுபடி வந்தது. சொன்னால் ஒரு நிமிடச் சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கவேண்டும். அவர் இன்னொரு உப்புமிட்டாயைப் போட்டு அந்தச் சொல்லையும் சேர்த்து விழுங்கினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டாம் பகுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக யாரும் காபிக்கு எழவில்லை.

மூன்றாம் பகுதியின் கடைசி நிமிடம். கொய்வுரந்தா மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தது. எதிரணி தன் கோல்காப்பாளனையும் வெளியே எடுத்துவிட்டு ஆறு பேராக முற்றுகை போட்டது. அவர்களில் ஒரு தடியன் மட்டையை ஓங்கினான். நாற்பத்தொன்று யோசிக்கவேயில்லை, வட்டு வருகிற பாதையில் அப்படியே பாய்ந்து படுத்தான். சத்தம் மேல்வரிசைவரை கேட்டது. வட்டு ஓரமாகத் தெறித்தது. படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

ரெய்யோ எழுந்து நின்றார். வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று அவருக்கே தெரியாது. அநேகமாக "நீலோ" என்றுதான் வந்திருக்கும். கண்ணாடி எங்கேயிருக்கிறது, எத்தனை படி இறங்கவேண்டும் என்று கால்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டன. அப்போது யாரோ அவருடைய மேல்சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். திறந்த வாயில், மிச்சம் வைத்திருந்த பாதி ஏலக்காய் பன் திணிக்கப்பட்டது. திணித்தது தோர்ஸ்தி. ஒன்றும் பேசாமல் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே நாற்பத்தொன்று முட்டி போட்டான், எழுந்தான், நொண்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போனான். மணி அடித்தது. அரங்கமே எழுந்து கத்தியது. ரெய்யோ மட்டும் கண்ணில் நீர் நிற்க பன்னை மென்றுகொண்டிருந்தார்.

"ஒன்பது," என்றார் சிர்க்கா. "பன்னிரண்டு வருஷத்துல ஒன்பது போட்டதில்ல. பட்டியல்ல முதல் பேரு இவன்தான். பேருதான் தெரியல."

"வாங்க, போய்க் கேட்டுடுவோம்," என்றார் பென்ட்டி. "இந்தப் பையனை முதல்லயே கண்டுபிடிச்சது நாமதான்னு அவனுக்கும் தெரியட்டும்."

"நான் கிளம்புறேன்," என்றார் ரெய்யோ. "மச்சினி காத்துட்டிருப்பா."

"காது அடைச்சவ கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். அவளுக்காக நீ வரலாற்றையே விட்டுட்டுப் போவியா?"

பென்ட்டி ஒரு கையையும் சிர்க்கா மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். தப்பிக்க வழியில்லை. பையன்கள் வெளியே வரும் பக்கவாட்டுக் கதவருகில் நால்வரும் போய் நின்றார்கள். ரெய்யோ தோர்ஸ்தியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். உயரம் குறைவாக இருப்பதில் அவருக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூக்கில் பஞ்சு அடைத்து, ஒரு கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்து, நீலோ வந்தான்.

"இருபத்தேழு தம்பி," என்றார் பென்ட்டி, கொஞ்சம் இரக்கத்தோடு. "உன்னை உட்காரவெச்சுட்டாங்கன்னு மனசு விட்டுடாத. அந்த நாப்பத்தொண்ணு எங்க? உள்ளதான் இருக்கானா?"

"நான்தான் நாப்பத்தொண்ணு."

"என்னது?"

"முதல் பகுதி முடியறப்ப எங்காளோட முழங்கை மூக்குல பட்டுடுச்சு. சட்டையெல்லாம் ரத்தம். ரத்தம் பட்ட சட்டையோட ஆட விடமாட்டாங்க. அதான் இருக்கிற உபரிச் சட்டையைக் குடுத்தாங்க. ஒலிபெருக்கியில சொன்னாங்களே. நீங்க கேக்கலையா?"

சிர்க்காவின் கையில் நோட்டு திறந்தபடி இருந்தது. ஒரு பக்கத்தில் நாலு, எதிர்ப்பக்கத்தில் ஒன்பது. பென்ட்டியின் முகத்தில் பல நிறங்கள் வந்துபோயின. ஆனால் முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டியவர் எந்தப் பள்ளத்திலும் வண்டியைக் கவிழ்த்ததில்லை.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார். "அந்தத் திருப்பத்தைப் பாத்ததுமே சொன்னேன், இது நம்ம இருபத்தேழு மாதிரியே இருக்கேன்னு. சொன்னேனா இல்லையா சிர்க்கா?"

"சொல்லல," என்றார் சிர்க்கா.

"மனசுல சொன்னேன். தம்பி, எங்களுக்கெல்லாம் உன்மேல எப்பவும் நம்பிக்கைதான். இந்த ஆள்தான் கெடுத்தது." பென்ட்டி தோர்ஸ்தியின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு ரெய்யோவை இழுத்து முன்னால் நிறுத்தினார். "இவரு ரெய்யோ. உன் பரம எதிரி. பருவம் முழுக்க உன்னைத் திட்டினதைத் தவிர வேற வேலையே பாக்கல."

நீலோ அப்பாவைப் பார்த்தான். அப்பா நீலோவின் மூக்கிலிருந்த பஞ்சைப் பார்த்தார். ரெய்யோவுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தான் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. திறக்காவிட்டாலும் இந்தக் கூட்டத்தோடு வாசலில் வந்து நின்றதே போதும், பையன் கோபித்துக்கொள்ள. இதுதான் கடைசிச் சனிக்கிழமை. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று நீலோ பென்ட்டியைக் கேட்டான்.

"இடது முட்டி உள்ள மடங்குதாம். கழுதைகூட அழகாத் திரும்புமாம்."

"எங்கப்பாவும் அதைத்தான் சொல்வாரு," என்றான் நீலோ.

"அப்படியா! உங்கப்பா எவ்வளவு உயரம் தம்பி? ஆறரை அடி இருக்க மாட்டாரு?"

நீலோ ரெய்யோவைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தான். "குள்ளம்தான்," என்றான். "ஆனா சத்தம் பெரிசு."

"ஆட்டம் பாக்க வர்றதில்லையா?"

"கத்துவாருன்னு நான்தான் கட்டுப்பாடு போட்டு வெச்சிருக்கேன்." நீலோ பையைத் தோள் மாற்றிக்கொண்டான். மூக்குப் பஞ்சினால் குரல் அடைத்து வந்தது. "இன்னிக்குக் கீழ விழுந்து கெடந்தப்ப, அவர் சத்தம் கேக்கும்னு கொஞ்சம் காத்திருந்தேன். கேக்கல. என்னமோ மாதிரி இருந்துச்சு."

பென்ட்டி குனிந்து தன் கையுறையைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க அடுத்த சனிக்கிழமை வருவீங்களா?" என்று நீலோ ரெய்யோவைக் கேட்டான்.

ரெய்யோ தலையை மட்டும் ஆட்டினார்.

"வாங்க. ஆனா மேல அந்தக் கோடியில உட்காராதீங்க. எங்க ஆளுங்க உட்கார்ற இடத்துக்குப் பின்னால உட்காருங்க. அங்கேருந்து முட்டி நல்லாத் தெரியும். பிடிக்கலைன்னா கத்துங்க, பரவால்ல." இரண்டு அடி நடந்து திரும்பிப் பார்த்தான். "கண்ணாடியை மட்டும் தொடாதீங்க."

"சரி தம்பி," என்றார் ரெய்யோ. எப்படியோ குரல் வந்துவிட்டது.

பையன் பனியில் சரக்சரக்கென்று நடந்து விடுதிப் பக்கம் போனான். கொஞ்சம் நொண்டினான். "என்ன பெருந்தன்மை பாத்தியா," என்றார் பென்ட்டி. "உன்னை மாதிரி ஆளைக்கூட வாங்கன்னு கூப்பிடுறான். இனிமேலாவது அவனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லு." சிர்க்கா நாலையும் ஒன்பதையும் கூட்டி, இரண்டால் வகுத்து, ஆறரை என்று எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து அதையும் அடித்தார். அவர்கள் இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டே பஸ் நிறுத்தம் பக்கம் போனார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் ரெய்யோவின் காரும் தோர்ஸ்தியின் காரும் அடுத்தடுத்து நின்றன. குளிரில் எஞ்சின் உறையாமலிருக்கச் செருகியிருந்த மின்கம்பிகளை இருவரும் குனிந்து கழற்றினார்கள். தோர்ஸ்தி கம்பியை நிதானமாகச் சுருட்டிப் பின்னால் போட்டார். அன்றைக்கு அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அன்றைய வாக்கியம் பாக்கியிருந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ரெய்யோவைப் பார்த்தார்.

"உன் மச்சினி இன்னிக்கு நல்லா ஆடினா," என்றார்.

ரெய்யோ கம்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும் என்று பையன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் இந்த ஆள் வாரத்துக்கு ஒரு வாக்கியம்தான் பேசுவார். அதையும் இப்போது செலவழித்துவிட்டார்.

"இடது முட்டியைக் கொஞ்சம் சரிபண்ணணும்," என்றார் ரெய்யோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தோர்ஸ்தி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.